தேத்தண்ணிக்கு ஒரு மணி நேரம் முன்

அந்த மார்ச் மாதத்தில் ஒரு மாலை, என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் வைத்தபோது அது இரண்டு மூன்று முறை தட்டிவிட்டு அடங்கியது. அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போது நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எதையோ எடுக்கப் போவதுபோல அவர் பக்கம் குனிந்து, அவருடைய மூச்சை முகர்ந்து பார்த்தேன்.

சாராய வாடை எதுவும் இல்லை. அதனால் என் சந்தேகம் போய்விடவில்லை. வெற்றிலை மென்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் மோகன் இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறார். மலையில் எடை போட்ட கொழுந்தை ஏற்றி வந்து தொழிற்சாலையில் இறக்குவது அவர் வேலை. நான் அதே தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கல்யாணமாகி முதல் எட்டு வருடம் அவர் குடித்தார். பிறகு ஒருநாள் நிறுத்தினார். நிறுத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது. குடித்த காலத்தில் காலையில் அவர் கை இப்படித்தான் நடுங்கும். எனக்குத் தெரிந்த ஒரே நடுக்கம் அதுதான்.

அதற்கு முந்தைய வருடம் அவருக்கு வேறொரு நோய் வந்திருந்தது. முகம் ஊதிப்போனது. குரல் தடித்தது. இரண்டு சுவெட்டர் போட்டும் குளிர்கிறது என்றார். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிடுவார். இரத்தம் பார்த்ததில் ஹைப்போதைரொயிடிசம் (கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைரொயிட் சுரப்பி தேவையான அளவு சுரக்காத நிலை) என்று தெரிந்தது. தைரொக்சின் (அந்தக் குறையை ஈடுசெய்யும் மாத்திரை) ஐம்பது மைக்ரோகிராம் தந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். (சுரப்பியை வேலை வாங்க மூளை அனுப்பும் சுரப்பு, தைரொயிட் குறைந்தால் இது கூடும்) இறங்கியிருக்கவில்லை. இரண்டு மாத்திரை ஆக்கினார்கள். அப்போதும் சரியாக இறங்கவில்லை. மூன்று ஆக்கினார்கள். அவர் ஒழுங்காகப் போட்டார், ஒருநாளும் தவறவில்லை. காலை ஐந்து மணிக்கு நான் தரும் பால் தேத்தண்ணியோடு மூன்றையும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போவார்.

டிசம்பர் விடுமுறையில் முதல்முறையாக நானும் கிளினிக்குக் கூடப் போனேன். அங்கே சுவரில் ஒட்டியிருந்த தாளில், தைரொயிட் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும், தேநீரோ உணவோ ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்று எழுதியிருந்தது. மறுநாளே வீட்டில் அதைச் சட்டமாக்கினேன். நாலு மணிக்கே எழுப்பி மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரு மனுசனை விடியக்காலையில் தேத்தண்ணி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார வைப்பது லேசான காரியமில்லை.

"மாத்திரைக்கெல்லாம் வெரதமா?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் கேட்டார்.

பெப்ரவரியில் இரத்தம் பார்க்கும் முறை. அன்று கிளினிக்கில் அந்தப் பரிசோதனை செய்ய வசதி இல்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லி, அதே மூன்று மாத்திரையை இரண்டு மாதத்துக்குக் கொடுத்து அனுப்பினார்கள். மார்ச்சில் கோப்பை தட்டியது.

அதன் பிறகு நான் தேட ஆரம்பித்தேன். அவர் குளிக்கும்போது அவருடைய சாப்பாட்டுப் பையைப் பிரித்துப் பார்த்தேன். விறகுக் குவியலுக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லொறியைக் கழுவ உதவி செய்கிறேன் என்று போய் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு போத்தலும் அகப்படவில்லை. அகப்படாதது என்னை ஆறுதல்படுத்தவில்லை. முன்பைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒளிக்கிறார் என்றுதான் தோன்றியது.

பொழுது சாய்ந்தால் அவரால் உட்கார முடியவில்லை. டீவி முன்னால் பத்து நிமிடம் இருப்பார். காலை நீட்டுவார், மடக்குவார், கெண்டைக்காலைப் பிசைவார், எழுந்துவிடுவார்.

"காலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு கலா. நடந்தாத்தான் அடங்குது" என்பார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

குடிக்கிற காலத்தில் வெளியே போக அவர் சொன்ன காரணங்கள் பல. எறும்பும் அதில் ஒன்று என்று எண்ணினேன். ஒருநாள் ஏழு மணி இருக்கும், பனி இறங்கிக்கொண்டிருந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். அவர் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம் வரை நடந்தார். அங்கே திரும்பி நடந்தார். மறுபடியும் திரும்பினார். இடையில் நின்று, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் மாறி மாறித் தரையில் உதைத்தார். யாரும் வரவில்லை. அவர் கையில் எதுவுமில்லை. நான் கூப்பிடவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன். அன்றும் யாருக்காகவோ காத்திருந்தார் என்றே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் தொழிற்சாலைப் பொறுப்பாளர், நாங்கள் டீமேக்கர் ஐயா என்று அழைப்பவர், பாடசாலை வாசலில் என்னைப் பார்த்தார்.

"டீச்சர், கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. மோகன் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா? கொழுந்துக்குக் கையெழுத்து வைக்கயில பேனா அந்த ஆட்டம் ஆடுது."

"எனக்குத் தெரியலைங்க ஐயா" என்றேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாதமாகத் தேடி ஒன்றும் கிடைக்காதவள் நான். தெரியவில்லை என்று சொன்னேன். மறுநாள் லொறிச் சாவியை வாங்கிக்கொண்டு அவரைக் கொழுந்து வாட்டும் மாடியில் வேலைக்குப் போட்டார்கள். மலைச்சரிவில் ஆட்களும் போகும் பாதையில் ஓடும் வண்டி. டீமேக்கர் ஐயாவைக் குறை சொல்ல முடியாது.

அன்று மாலை அவர் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"குடிக்கிறேன்னு சொல்லித்தான் எறக்கி விட்டுட்டாங்க. நீயும் அதத்தான் நெனைக்கிற, இல்லையா?"

நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.

என் சந்தேகம் திசை மாறியது அவருடைய பெல்ட்டால். ஒருநாள் காலை ஆணியால் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் அது இரண்டாவது ஓட்டை. குடித்த காலத்தில் அவர் சோற்றைத் தொடமாட்டார். இப்போதோ இரண்டு மடங்கு சாப்பிடுகிறார், ஆனாலும் மெலிகிறார். டயகமக் குளிரில் அவருடைய சட்டை முதுகில் நனைந்திருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஓடி வந்தவரைப்போல அடித்தது.

குடி இல்லையென்றால் மாத்திரை. அப்படியே மாத்திரைமேல் பாய்ந்தேன். கடைசியாகக் கிடைத்த அட்டையின் நிறம் முன்பு தந்ததுபோல் இல்லை. தவறான மருந்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவே கட்டினேன். இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு ஹட்டனில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மருந்துதான் மிஸ். அளவும் ஒண்ணு. கம்பனிதான் வேற. அதிலயும் சில பேருக்குக் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். டொக்டர்ட்ட கட்டாயம் சொல்லுங்க. நீங்களா நிப்பாட்டிராதீங்க."

அந்தக் கடைசிச் சொல் இல்லாவிட்டால் நானே நிறுத்தியிருப்பேன். இதை வாசிக்கும் உங்களில் யாராவது அந்த நிலையில் இருந்தால், நிறுத்தாதீர்கள். தவணை நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாங்கள் அடுத்த நாளே கிளினிக்குப் போனோம்.

அன்று இருந்தவர் இளம் பெண் டொக்டர். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். என் கணவரை இரண்டு கையையும் முன்னே நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாளின் ஓரம் படபடவென்று ஆடியது. நாடித்துடிப்பு நூற்றுப் பன்னிரண்டு. இரத்தம் எடுக்கவும் ஈ.சீ.ஜி. (இதயத் துடிப்பை வரைந்து பார்ப்பது) எடுக்கவும் அவரை அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்.

"மாத்திரை எப்படிப் போடுறார்?"

நான் பெருமையோடு சொன்னேன். நாலு மணி, வெறும் வயிறு, தண்ணீர், ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி.

"எப்ப இருந்து இப்படி?"

"டிசம்பர் கடைசியில இருந்து. அதுக்கு முந்தி பால் தேத்தண்ணியோட போட்டாரு."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தேத்தண்ணி, பாலோட போட்டா மருந்து முழுசா உடம்புல சேராது. சேராததாலதான் டி.எஸ்.எச். எறங்கல. எறங்கலன்னு நாங்க மருந்தக் கூட்டினோம். பிறகு நீங்க சரியான முறையில குடுத்ததும் அந்த மூணும் முழுசா சேந்திருக்கு. அவருக்கு அவ்வளவு தேவைப்படல போல. ரிப்போர்ட் வரட்டும்."

"அப்ப நான்தானா, டொக்டர்?"

"நீங்க செஞ்சது சரி. அத எங்ககிட்ட சொல்லி, ஆறு வாரத்துல இரத்தம் பாத்திருக்கணும். நாங்களும் கேட்டிருக்கணும்."

கால்களைப் பற்றிக் கேட்டேன். அதற்கு 'ஓய்வற்ற கால்' என்று ஒரு நிலை உண்டு என்றார். தைரொக்சின் கூடினாலும் வரலாம், இரும்புச்சத்து குறைந்தாலும் வரலாம், காரணமே தெரியாமலும் வரலாம். "கை நடுக்கம் கொறையும்னு சொல்லுவேன். காலுக்கு அப்படிச் சொல்ல முடியாது" என்றார். எல்லாவற்றையும் உறுதியாகச் சொல்லாத அந்த டொக்டரைத்தான் நான் அதன் பிறகு நம்பினேன்.

ரிப்போர்ட் வந்தபோது டி.எஸ்.எச். ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்கு இறங்கியிருந்தது. மூன்று மாத்திரை இரண்டாயிற்று. கொஞ்ச நாளைக்குத் தினமும் நாடி பார்க்கச் சொல்லி, மணிக்கட்டில் விரல் வைக்கும் இடத்தையும் டொக்டர் காட்டித் தந்தார்.

வீட்டுக்கு வந்து "டோஸ் கூடிப்போச்சாம்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் அவர் மாத்திரையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

"இனி இது வேணாம். கிளினிக்காரங்க கண்ட அளவுக்குக் குடுத்து என்னக் குடிகாரனாக்கிட்டாங்க. இத எப்படி நம்புறது?"

நான் மறைத்ததால் அவருடைய சந்தேகம் போகக்கூடாத இடத்துக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் சொன்னேன். தேத்தண்ணி நேரத்தை நான் மாற்றியது, அதைக் கிளினிக்கில் சொல்லாதது, டொக்டர் சொன்னது எல்லாவற்றையும். சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை. பையைப் பிரித்தது, சீட்டுக்கு அடியில் பார்த்தது, பின்னால் வந்தது, டீமேக்கர் ஐயாவிடம் சொன்னது வரை சொன்னேன்.

அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"மாத்திர நேரத்த மாத்துனது நல்லதுக்குத்தான். அது பெரிசில்ல. நீ குனிஞ்சு என் வாயை மோந்தியே, அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? எட்டு வருசம் நான் பொய் சொன்னவன்."

பிறகு இரண்டு மாத்திரையையும் எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினார்.

மூன்று வாரத்தில் நடுக்கம் தணிந்தது. ஆறாவது வாரம் தாள் ஆடவில்லை. கால்கள் அப்படிச் சட்டென்று அடங்கவில்லை. ஃபெரிட்டின் (உடல் சேமித்து வைக்கும் இரும்புச்சத்து) மிகவும் குறைந்திருந்தது. ஆண்களுக்கு அது காரணமில்லாமல் குறையாது என்று வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, ஒரு புண்ணைக் கண்டுபிடித்து அதற்கும் மருந்து தந்தார்கள். இரும்பு மாத்திரையைத் தைரொக்சினோடு சேர்த்துப் போடக்கூடாது, நாலு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். அது இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். கால் எதனால் அடங்கியது, அளவு குறைந்ததாலா, இரும்பு கூடியதாலா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இப்போதும் வாரத்தில் ஒரு மாலை அந்த எறும்பு வருகிறது. அவர் நடந்துவிட்டு வருகிறார். சில நாள் நானும் கூட நடக்கிறேன்.

கிளினிக்கில் தந்த கடிதத்தை நானே டீமேக்கர் ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜூலையில் லொறிச் சாவி திரும்பி வந்தது.

போன தவணை கிளினிக்கில், இனி தினமும் நாடி பார்க்கத் தேவையில்லை என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். கால் இரண்டும் அசையாமல் இருந்தன. லிந்துலை தாண்டியதும் நான் அவருடைய கையைப் பிடித்தேன். என்னை அறியாமலே விரல் மணிக்கட்டுக்குப் போயிருந்தது. கண் கடிகார முள்ளில் இருந்தது. உதடும் அசைந்திருக்க வேண்டும்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எண்ணாம புடி, கலா."

விரலை நகர்த்தி அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். கடிகாரத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். அக்கரப்பத்தனை வர எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது.