சந்தி சிரிக்கும்

எங்கள் இராஜபாளையத்தில் ஒரு வீட்டுச் சங்கதி வெளியே தெரிந்து ஊரே பேசத் தொடங்கிவிட்டால், 'சந்தி சிரிக்குது' என்பார்கள். நாலு தெரு கூடுகிற இடம்தான் சந்தி. பெண்பிள்ளை வாசலில் நின்றால் சந்தி சிரிக்கும், உரக்கப் பேசினால் சந்தி சிரிக்கும். நல்ல பேர் எடுத்தவனை ஊர் மெச்சும். சந்தி சிரிப்பது மட்டும் கேவலத்துக்கென்றே ஒதுக்கி வைத்த பேச்சு. அதைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பக்கத்து வயல்காரருக்கும் என் அண்ணனுக்கும் ஆகாது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அவருடைய வைக்கோல் படப்பு எரிந்தது. பக்கத்திலிருந்த தொழுவத்துக்கும் தீ தாவி, கட்டிக்கிடந்த மாடுகள் வெந்து செத்தன. அண்ணன்தான் வைத்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

அண்ணன் அப்போது வீட்டில் இருந்தான். கக்குவான் இருமலோடு கிடந்த என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். அய்யா, அதாவது என் தகப்பனார், வத்திராயிருப்புக்குப் போயிருந்தார். அம்மா கோயிலில் இருந்தாள். இருமி இருமி நீலம் பாரித்துப்போன பிள்ளையைத் தோளில் போட்டு, முற்றத்தில் நடந்துகொண்டே பாடித் தூங்கவைத்தது அண்ணன்தான். அதைப் பார்த்தவள் நான் ஒருத்தி.

"உங்க மக கூண்டேறிச் சொன்னா அவனை மீட்டுரலாம்" என்றார் வக்கீல். அய்யா பல நாள் சோறு இறங்காமல் கிடந்து, கடைசியில் சரி என்றார். கூண்டு வண்டியில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

கோர்ட்டு வாசலில் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் நின்றார்கள். சேவகன் வெளியே வந்து என் பெயரைச் சொல்லிக் கூவினான். வீட்டில்கூட ஆண்கள் என் பெயரை உரக்கச் சொன்னதில்லை. கூடியிருந்த தலைகளெல்லாம் வண்டிப் பக்கம் திரும்பின. நான் இறங்கக் காலை நீட்டினேன். அய்யாவின் கை வண்டி வாசலை மறித்தது.

"அவ வரலைய்யா! மேலுக்குச் சரியில்ல!" என்று அவர் கத்தினார்.

"அய்யா, நான் இறங்குதேன், விடுங்க" என்றேன்.

"உக்காருட்டி. சந்தி சிரிச்சுப்போகும்."

அவர் கையை எடுக்கவில்லை. சேவகன் இன்னும் இருமுறை கூப்பிட்டுவிட்டு உள்ளே போனான். தட்டிவிட்டு ஓடியிருக்கலாம் என்று இன்று யாரும் சுலபமாகச் சொல்லலாம். அந்தக் கையைத் தட்டிவிட எங்கள் வீட்டில் எவளும் பழகியதில்லை.

அண்ணனுக்கு ஜெயில் கிடைத்தது. ஊரில் அய்யாவின் மதிப்பு குறையவில்லை, மானஸ்தன் என்றார்கள். அவர் தெருவில் போனால் எழுந்து நின்றார்கள். எனக்கு அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மழைக்காலத்தில், அண்ணன் ஜெயிலில் பேதி கண்டு இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அம்மா வாய்விட்டு அலறினாள். அய்யா போய்த் தெருக்கதவைச் சாத்தினார். பெற்ற பிள்ளைக்கு அழுவதும் வெளியே கேட்கக் கூடாதாம்!

நான் கதவைத் திறந்தேன். நடுத்தெருவில் போய் உட்கார்ந்து, அண்ணன் பெயரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். வீடு வீடாகக் கதவு திறந்தது. பெண்கள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அடுத்த வீட்டு மதினி என் முகத்தைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"அன்னைக்கு உங்கண்ணன் பிள்ளைய வச்சுப் பாடுனது சுவருக்கு அந்தப் பக்கம் எனக்கும் கேட்டுச்சுட்டி. சாச்சி சொல்லக் கூப்பிடுவியன்னு அம்புட்டு நாளும் காத்துக்கிடந்தேன். நானா வந்து சொன்னா, பொம்பளைக வாயால பிள்ளைய மீட்டாகன்னு உங்க அய்யாவுக்குக் கேவலமாயிருமேன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

அய்யா வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அது கேட்டது.