விக் வைத்த பன்றியும் என் மகளின் வாசிப்பும்

இங்கே இங்கிலாந்தில், என் மகள் மகிழினி பள்ளிக்கூடத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகம் கொண்டுவருவாள். புத்தகம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை அதைவிடக் கனமாக இருக்கும். மார்ச் மாதம் வந்ததில் ஒரு பன்றி தலையில் விக் வைத்துக்கொண்டு பள்ளம் தோண்டியது. பத்துப் பக்கம் தோண்டி, கடைசியில் ஒரு அத்திப்பழத்தைக் கண்டெடுத்தது. பிக், விக், டிக், ஃபிக். கதை அவ்வளவுதான். இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துவிட்டு, அவள் எப்படி வாசித்தாள் என்று மஞ்சள் நோட்டு ஒன்றில் நான் எழுதி அனுப்ப வேண்டும். முதல் வாரம் 'வெரி குட்' என்று எழுதினேன். அதன் கீழே ஆசிரியை, 'அவளுக்கு எந்தப் பக்கம் பிடித்தது?' என்று கேட்டிருந்தார். பாடப் புத்தகத்தில் பிடித்த பக்கம் என்று ஒன்று இருக்கலாம் என்பதே எனக்கு முப்பத்து நான்கு வயதில்தான் தெரிந்தது.

நான் திண்டுக்கல் நாகல் நகரில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் படிப்பு என்றால் ஒப்பிப்பது. விருந்தாளிக்குக் காப்பி வருவதற்கு முன்பே நான் வந்துவிடுவேன். "மாமாவுக்கு அந்த இங்கிலீஷ் பாட்டை ஒப்பிச்சுக் காட்டு" என்பார் அப்பா. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை விட்டத்தில் வைத்து, மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். ஒரு வரி மறந்தால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்த ஆங்கிலப் பாடத்தையும் நான் நடுவிலிருந்து பார்த்ததே கிடையாது. ஆனாலும் மார்க்குக்குக் குறைவில்லை. அந்த மார்க்கை நம்பித்தான் இந்த நாடே எனக்கு விசா கொடுத்தது.

அப்படிப்பட்டவளின் கையில் எதுகை போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் என்ன செய்வேன்? எதுகை எதற்கு இருக்கிறது, மனப்பாடம் செய்யத்தானே? மூன்று சாயங்காலம். நான் வெங்காயம் நறுக்கியபடி ஒரு வரி சொல்ல, மகி திருப்பிச் சொன்னாள். நான்காம் நாள் முழுப் பன்றியும் அவள் வாயில் இருந்தது. பக்கம் திருப்பவும் பழக்கிவிட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை புத்தகத்தை விரித்துப் படபடவென்று வாசிக்கும் வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டதும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் சித்தப்பாகூட ஏலத்துக்கு நடுவே கை கூப்பும் பொம்மை அனுப்பினார். செல்வி அண்ணி, அதாவது என் அண்ணன் மனைவி, நாகல் நகர் வீட்டு மாடியில், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் வகுப்பு நடத்துகிறார். அவர் அந்த வீடியோவை ஊரிலிருக்கும் அத்தனை தாய்மாருக்கும் அனுப்பிவிட்டார். 'லண்டன் பொண்ணு வாசிக்கிறதப் பாருங்க.' லண்டன் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஆசிரியை என்னைப் பள்ளிக்கு அழைத்தார். "மகிக்கு அபாரமான ஞாபக சக்தி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் பெருமையோடு "தேங்க் யூ" என்றேன். அவர் கொஞ்சம் திகைத்துப்போனார். அது பாராட்டு இல்லையாம். ஏழாம் பக்கத்தை மட்டும் காட்டி, படத்தைக் கையால் மறைத்துக் கேட்டிருக்கிறார். மகி கண்ணை மூடிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து முணுமுணுத்து, விரல்விட்டு எண்ணி ஏழாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். "எதுகை எதற்கென்றால், பின்னால் வரும் எழுத்துகள் அப்படியே இருக்க முதல் எழுத்து மட்டும் மாறுவதைப் பிள்ளை தானாகக் கவனிக்கத்தான். மகி எழுத்தைப் பார்ப்பதே இல்லை. அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. பரவாயில்லை, மெதுவாகத் தொடங்கலாம்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசிக்கத் தெரியாது என்பதை இவ்வளவு இனிமையாகச் சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களை என்ன செய்வது? எங்கள் ஊர் டீச்சராக இருந்தால் முட்டி போட வைத்திருப்பார், கணக்கு அன்றே தீர்ந்திருக்கும். நான் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏப்ரலில் ஊருக்குப் போனபோது அண்ணி தன் வகுப்பின் ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, அழைப்பிதழில் மகியின் படத்தையும் போட்டிருந்தார். "பயப்படாத மாலா, அந்தப் பன்னிப் புத்தகம் போதும். செத்த நேரந்தான். இதப் பாத்துத்தான் புதுசா பிள்ளைகளச் சேக்கப் போறாக" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது. அதைத் திறந்தால் என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்ற செய்தியும் கூடவே வெளியே வந்துவிடும். மூடிக்கொண்டேன்.

மேடையில் மகி பட்டுப் பாவாடையில் நின்று இரண்டு பக்கம் அழகாகச் சொன்னாள். மூன்றாவதாகத் திருப்பியபோது பல தாள்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. படத்தில் அத்திப்பழம், வாயில் விக். திடுக்கிட்டு நின்றாள். முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள். என்னைத் தேடினாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அடுத்த வரியை வாயசைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு மைக்கில் தமிழில் சொன்னாள்:

"எனக்கு இது படிக்கத் தெரியாது. சும்மா சொல்லத்தான் தெரியும்."

மண்டபமே கைதட்டியது. தலைமை விருந்தினராக வந்திருந்த ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் மைக்கை வாங்கி, "லண்டன்ல இருந்துக்கிட்டு இம்புட்டுத் தெளிவாத் தமிழ் பேசுது பாருங்க" என்று சொல்லி அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார். தாய்மார்கள் அத்தனை பேரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்ததால் பிள்ளையின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. இறங்கி வந்தவள் என் மடியில் முகம் புதைத்து, "தெரியாதுன்னு சொன்னதுக்கு ஏம்மா கைதட்டுறாங்க?" என்று கேட்டாள். என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்கிட்ட படிக்கிற பிள்ளைகளும் இப்படித்தான்" என்றார், அப்பளத்தை நொறுக்கியபடி.

"தெரிஞ்சேதான் நடத்துறீகளா அண்ணி?"

"ஒவ்வொரு எழுத்தாக் கூட்ட வச்சா ஒரு வரிக்கு அஞ்சு நிமிசம் ஆகும். பிள்ளை திக்குதுன்னு மறுநாளே வேற கிளாசுக்குக் கூட்டிப் போயிருவாக. வாசிக்கச் சொல்லி எந்தத் தாயும் கேக்கல மாலா, ஒப்பிக்கச் சொல்லித்தான் கேக்குறாக. நீ மட்டும் என்ன செஞ்ச?"

ரசத்தை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் மகியும் நானும் ஆட்டோவில் பஸ் நிலையம் போனோம். வழியில் நெரிசலில் வண்டி நின்றது. எதிரே ஒரு கடை. மகி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. "ஹ்... ஆ... ட்." நான் திரும்பினேன். "ச்... இ... ப்... ஸ்." பாட்டும் இல்லை, வேகமும் இல்லை. ஆசிரியை மெதுவாகத் தொடங்கிவைத்தபடி, சைக்கிள் பழகுகிறவர்களைப்போல ஒவ்வொரு எழுத்திலும் கால் ஊன்றி ஊன்றி வந்தாள். சொல்லிக்கொடுக்க என் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "ஹாட் சிப்ஸ்" என்றாள் கடைசியில், தனக்கே நம்பிக்கை வராமல். நான் அழுதேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, பிள்ளைக்குச் சிப்ஸ் வாங்கணுமா, ஓரமா நிப்பாட்டவா?" என்றார்.

மகி விரலை மேலே உயர்த்தினாள். ஆங்கிலத்துக்கு மேல் பெரிய சிவப்பு எழுத்தில் கடையின் பெயர் தமிழில் இருந்தது. "அது என்ன?" என்றாள். பன்றிக்கு மூன்று சாயங்காலம் செலவு செய்த நான், அவளுக்கு அ, ஆவைக்கூடக் காட்டியதில்லை. ஒரு தரம் வாசித்துச் சொன்னால் போதும், பஸ் நிலையம் போவதற்குள் அப்படியே ஒப்பித்துவிடுவாள். நான் சொல்லவில்லை. நெரிசல் விலகி ஆட்டோ நகர்ந்தது. மகி கழுத்தைத் திருப்பி, தன்னால் வாசிக்க முடியாத அந்த மேல்வரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.