முத்துக்குடாவில் ஒரு லைஃப் ஜாக்கெட்

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் கொழுந்தன் மனைவி, முத்துக்குடா படகுச் சவாரிக்குப் புது ஆரத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். காலையிலிருந்தே அது என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. படகுக்காரர் கருநீல லைஃப் ஜாக்கெட்டை நீட்டியதும், "போட்டோல ஆரம் தெரியாதேக்கா" என்று சிணுங்கினாள்.

அப்போது எனக்கு வந்ததே ஓர் அக்கறை. "உசுரு முக்கியமா, ஆரம் முக்கியமா?" என்று அதட்டி, நானே மாட்டிவிட்டு, கழுத்துவரை ஜிப்பை ஏற்றி பெல்ட்டையும் இறுக்கினேன். ஆரம் முழுதாக மறைந்தது.

"ஒங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்குக் கவலையே இல்லைங்க" என்றார் படகுக்காரர்.

படகு அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும், அவள் கழுத்தோரம் விரலை விட்டு ஆரத்தை உருவி, ஜாக்கெட்டின் மேல் போட்டுக்கொண்டாள். மஞ்சள் புடவையில் மங்கிக் கிடந்தது, அந்தக் கருநீலத்தில் நகைக்கடை வெல்வெட்டில் வைத்ததுபோல் மின்னியது. போட்டோ எடுக்கச் சொல்லி, போனை என்னிடம்தான் நீட்டினாள்.