முருகன் படத்தோடு போன இசைத்தட்டு

டெக்சாஸில் படித்த காலத்தில் என் அறைத் தோழன் மெக்சிகோ வம்சத்துப் பையன். அவனுடைய அண்ணன் கல்யாணங்களில் அக்கார்டியன் வாசிப்பவர். பிறகு எலெக்ட்ரிக் கித்தார், டிரம்ஸ் என்று ஆள் சேர்த்துக்கொண்டு, பாட்டன் காலத்து தெஹானோ என்ற நாட்டு மெட்டுகளை ராக்கோடு கலந்து ஒரு குழு தொடங்கினார். அவர்களுடைய முதல் இசைத்தட்டு கார் நிறுத்தும் கொட்டகையில் பதிவானது. இரண்டாவது பாட்டுக்கு முன்னால் அண்ணன் இருமுவதும் அதில் அப்படியே விழுந்திருக்கும். "இதைக்கூட வெட்டத் தெரியாதா?" என்று ஒவ்வொரு முறையும் எரிந்து விழுவேன். நான் ஊருக்குக் கிளம்பியபோது ஒரு பிரதியை என் பெட்டிக்குள் திணித்துவிட்டார்கள்.

அண்ணன் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவர்கள் வீட்டிலிருந்த பிரதிகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. போன மாதம் நண்பன் வாட்சாப்பில் கேட்டான்: அந்தத் தட்டு இன்னும் இருக்கிறதா? சிங்கப்பூருக்கு வேலையாக வருகிறேன், எல்லைப் பாலம் தாண்டி உன் வீட்டுக்கு வந்து ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன். இருக்கிறது, வா என்று நானும் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

அவன் வருவதற்கு முதல் நாள் தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமைத் திறந்தால், உள்ளே துடைத்துவிட்ட மாதிரி காலி.

"பழைய பேப்பர் லாரி வந்துச்சு, எல்லாத்தையும் போட்டுட்டேன். தீபாவளிக்குள்ள காலி பண்ணுன்னு நீங்கதானே சொன்னீங்க லா?" என்றாள் மனைவி.

நம்ம ஊர் வெக்கையில் தட்டு வளைந்துவிடுமே என்று, மளிகைக் கடை கொடுத்த இரண்டு கெட்டி அட்டை முருகன் காலண்டர்களுக்கு நடுவில் வைத்துக் கயிறு கட்டியிருந்தேன். பார்ப்பவர்களுக்கு அது வெறும் பழைய காலண்டர். என் புத்திசாலித்தனத்தைக் கொண்டுபோய் குப்பையில் போட! வீடே அதிரக் கத்தினேன்.

"அலமாக்! சாமி படத்த யாராச்சும் பேப்பர் லாரிக்குப் போடுவாங்களா? அத மட்டும் தனியா எடுத்து கோயில் அரச மரத்தடியில வச்சிட்டேன். மொதல்ல கத்துறத நிறுத்துங்க."

போன உயிர் பாதி திரும்பியது. பாதிதான், ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்திருந்தது.

மரத்தடியில் கண்ணாடி உடைந்த லட்சுமி இருந்தாள், சட்டம் கழன்ற பிள்ளையார் இருந்தார், ஊறிப்போன காலண்டர்கள் கிடந்தன. என் முருகனை மட்டும் காணோம். குனிந்து குனிந்து தேடியதைக் கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா பார்த்துவிட்டார்.

"கயிறு கட்டுன முருகனாண்ணே? மழ பெரிசா வந்துச்சு. சாமி நனையுதேன்னு உள்ள எடுத்து வச்சேன்."

அப்பாடா! அவர் எடுத்துத் தந்த முருகனை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவரிடம் இருந்த மல்லிகை அத்தனையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கத்தியதற்கும் சேர்த்துத்தான்.

மறுநாள் நண்பன் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. தட்டைப் போட்டேன். வளையவில்லை, நனையவில்லை. முதல் பாட்டுக்குக் காலால் தாளம் போட்டபடி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்தது. கொஞ்சம் கரகரப்பு. பிறகு அவன் அண்ணன் இருமினார்.

நண்பன் முறுக்கைக் கீழே வைத்தான். ஊசியைத் தூக்கச் சொல்லிக் கை காட்டினான். பாட்டு அப்புறம் ஆகட்டுமாம், அந்த இருமலை இன்னொரு தடவை போடச் சொன்னான்.

போட்டேன். நல்லவேளை, அதை யாரும் வெட்டவில்லை.