கேட்டால் விரலைத் தூக்குங்கள்

இருபத்திரண்டு வருடங்களாக அவள் மற்றவர்களின் காதுகளைச் சோதித்து வந்தாள். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், சத்தம் நுழையாத கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க. நின்னதும் இறக்குங்க" என்பாள். வெளியே வந்து கருவியின் குமிழைத் திருப்புவாள். உள்ளே விரல் எழும், இறங்கும். தாளில் ஒரு கோடு வளரும். கோடு சரிகிற விதத்தைப் பார்த்தே வந்தவர் எத்தனை வருடம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர் என்று சொல்லிவிடுவாள். எல்லாருக்கும் அவள் டெஸ்ட் அக்கா.

தன் தலையில் மட்டும் அந்த ஹெட்போனை அவள் மாட்டிக்கொண்டதே இல்லை. முதலில் தோன்றவில்லை. இப்போது பயமாக இருந்தது. வாசலில் மணி அடித்ததை இரண்டு முறை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அந்தச் சமயம் பார்த்து, சோதிக்கிறவர்களும் தங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று புதிய தலைமை டாக்டர் சுற்றறிக்கை விட்டார். காது குறைந்திருந்தால் கண்ணாடிக் கூண்டு கிடையாது. கீழ்த்தளத்தில் சீட்டு எழுதலாம். அவளுடைய முறை விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை. அந்த வேலை போனால் தான் யார் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஏரிக்கரை மரவீட்டைக் கணவன்தான் பிடித்தான். வேன் ஓட்டுகிறவன். யாருக்கோ கட்டில் இறக்கப் போன இடத்தில் கேள்விப்பட்டிருக்கிறான். அவனும் அவளும், ஒன்பது வயது மகளும், மாமனாரும், தையல் கடை வைத்திருக்கும் நாத்தனாரும் ஆக ஐந்து பேர். மின்சாரம் இல்லை. தண்ணீருக்குக் கைப்பம்பு. தரைப்பலகைகளின் இடுக்கில் கீழே மண் தெரிந்தது. அவளுக்கு இடம் பிடித்திருந்தது. கேட்க எதுவும் இல்லாத இடத்தில் தவறவிடவும் எதுவும் இல்லை.

முதல் நாள் மதியம் நாத்தனார் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாயில் கிளிப்பைக் கவ்வியபடி அப்படியே நின்றாள். விறகு பிளந்துகொண்டிருந்த கணவனும் கையை நிறுத்தினான். "யாரோ கூப்பிடுறாங்க இல்ல?" என்றான்.

அவள் கவனித்தாள். கட்டிய படகு கரையில் முட்டியது கேட்டது. கொடியில் துணி அடித்துக்கொண்டது கேட்டது.

"ஆமா, அக்கரைலேர்ந்து," என்றாள்.

பொய் தானாக வந்து விழுந்தது. அக்கரையில் வீடு ஏதும் இல்லை. இடுப்பளவு கோரை மட்டும்தான்.

மறுநாள் மூன்று முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் அவர்கள் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து அவளும் நின்றாள். எப்படிப்பட்ட குரல் என்று யதார்த்தமாக விசாரிப்பதுபோல் விசாரித்தாள். அடித்தொண்டையிலிருந்து வருகிற ஆண் குரல் என்றான் கணவன். இல்லவே இல்லை, மெல்லிசான பெண் குரல் என்றாள் நாத்தனார். வயதாகும்போது மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும். அது அவளுக்குத் தெரிந்த கணக்கு. ஆனால் அடித்தொண்டைக் குரல் ஏன் கேட்கவில்லை? அந்தளவுக்கா போய்விட்டது?

மகளைக் கேட்டாள். "அது குரலே இல்லம்மா. ஆனா கூப்பிடுது," என்றாள் குழந்தை. பிறகு சமாதானம் சொல்வதுபோல், "உன்னை இல்ல," என்றாள்.

மூன்றாம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. எவ்வளவு போயிருக்கிறது என்று திங்கட்கிழமைக்கு முன்பே தெரிந்துகொள்ள நினைத்தாள். ஒரு விளையாட்டு என்று சொல்லி, எல்லாரையும் ஏரிக்கு முதுகு காட்டி நீளப் பலகையில் உட்காரவைத்தாள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவள் மரத்தில் இரண்டு தட்டு தட்டினால் கண்ணைத் திறக்கலாம்.

"லீவுலயும் எங்களைக் கூண்டுல அடைக்காம விட மாட்டீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

தனியாக விட்டால் கோபித்துக்கொள்வார் என்று மாமனாருக்கும் சைகையில் சொல்லி ஓரத்தில் உட்காரவைத்தார்கள். அவருடைய காதுக் கருவி உள்ளே டப்பாவில் இருந்தது. அது இல்லாமல் பக்கத்தில் கதவை அறைந்தாலும் அவருக்குத் தெரியாது. அவருடைய கோட்டைத் தாளில் போட்டவளே அவள்தான்.

நோட்டும் கடிகாரமுமாக அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். வெயில் நன்றாக அடித்தது. மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு விரல்கள் எழுந்தன. நேரத்தைக் குறித்துக்கொண்டாள். இறங்கின. அதையும் குறித்தாள். பிறகுதான் குறித்ததைப் பார்த்தாள். நான்கு விரல்கள்.

மாமனார் ஓரக்கண்ணால் பார்த்திருப்பார் என்று எழுந்து போய் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். இமைகள் இறுக மூடியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் எழுந்தது. மற்ற மூன்றும் கூடவே எழுந்தன. எந்த இரண்டு பேரின் விரலும் ஒரே கணத்தில் எழாது. அரை மூச்சாவது வித்தியாசம் இருக்கும். இங்கே அது இல்லை.

அப்படியென்றால் இது காது சம்பந்தப்பட்டதே இல்லை. அவள் காதில் ஒரு குறையும் இல்லை. எத்தனையோ மாதமாக எதிர்பார்த்த செய்தி. செவிடாகவே போயிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மரத்தில் இரண்டு தட்டு தட்டினாள். யாரும் கண்ணைத் திறக்கவில்லை. பலமாகத் தட்டினாள். கோரையிலிருந்து ஒரு பறவை எழுந்து போயிற்று. மகளைக் கூப்பிட்டாள். விரல்கள் மூன்றாம் முறை எழுந்தன. இந்தத் தடவை இறங்கவில்லை.

போய் மகளின் விரலைப் பிடித்தாள். தண்ணீரில் வெகுநேரம் ஊறியதுபோல் சில்லென்று இருந்தது. மடக்கினாள். குழந்தை கண் திறந்து, "இன்னும் முடியலையேம்மா," என்றது. நாத்தனாருடையதை மடக்கினாள், கணவனுடையதை மடக்கினாள். மாமனாரின் விரலுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கிளம்பலாம் என்றாள். இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறதே என்றான் கணவன்.

"எனக்கு எதுவும் கேக்கலங்க. மொத நாள்லேர்ந்தே கேக்கல. கேட்டுதுன்னு பொய் சொன்னேன்."

அவன் அவள் தோளில் கை வைத்தான். "எங்களுக்கே காது குத்திட்டியே," என்று சிரிக்கப் பார்த்தான். பாவம், இதை மனதில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் புழுங்கினாள் என்று நாத்தனாரும் உருகினாள். அவளுக்காக மூட்டை கட்டினார்கள். மாமனார் எப்படி விரல் தூக்கினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் அடுத்த கருவியில் இருக்கும் பெண் தாளை நீட்டி, "சின்னப் பிள்ளைங்க காதுதான் அக்கா உங்களுக்கு," என்றாள். வாசல் மணி அடித்தபோது வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்திருப்பாள், அவ்வளவுதான்.

வீட்டில், கொஞ்சம் குறைந்திருக்கிறது, வேலைக்கு ஆபத்தில்லை என்று சொன்னாள். உண்மையைச் சொன்னால் தாங்கள் கேட்டது என்ன என்று அவர்கள் யோசிக்க வேண்டிவரும். யோசித்தால் மறுபடி அங்கே போய்ப் பார்க்கத் தோன்றும். அவள் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். அவளிடம் பேசும்போது எதிரில் வந்து நின்று உரக்கப் பேசினார்கள். தங்களுக்குள் பேசும்போது அவள் இருப்பதையே மறந்துபோனார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையருகில், மகள் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

"இன்னிக்கும் கூப்பிட்டுச்சு தாத்தா."

"எனக்குந்தான்," என்றார் மாமனார், அதே தாழ்ந்த குரலில்.

"எப்பப் போலாம்?"

"உங்கம்மா வேலைக்குப் போற நாளாப் பாத்துப் போலாம். உங்கப்பன் வேன் எடுக்கறேன்னுட்டான்."

காது கேட்காததுபோல் நடிக்கிறவர்கள் கூண்டுக்கு வருவதுண்டு. பின்னால் நின்று மெதுவாக ஏதாவது சொன்னால் போதும். முகத்தை அடக்கத் தெரிந்தவர்களுக்கும் தோள் அசைந்துவிடும்.

அவள் தோளை அசைக்கவில்லை. அடுத்த காரட்டை எடுத்தாள். நாளைக்கு அவளுக்குக் காலை வேலை.