இஞ்சினியர் துரையின் சாட்சி

நீதிமன்ற மேசையில் துணி விரித்து அந்த இரும்புத் துண்டை வைத்திருந்தார்கள். எங்கள் எஸ்டேட் தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்தைச் சுருட்டும் எந்திரத்தின் உடைந்த கை அது. உடைந்த பரப்பில் பாதி பளிச்சென்றும் மீதி மங்கிய சிவப்பாகவும் இருந்தது. தானா ராத்தாவில் அன்று பகலிலேயே மூடுபனி. விளக்கேற்றித்தான் விசாரணை தொடங்கியது.

மலாயாவில் வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் அது. தொழிலாளர் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி. எந்திரம் உடைந்தால்கூடக் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்காகச் செய்த சதி என்பார்கள். எந்திரத்தைப் பராமரித்த பிட்டரை, லயமே பிட்டர் அண்ணன் என்று கூப்பிடுபவரை, பிடித்துவிட்டார்கள். தூக்குக்கூட விழலாம் என்று லயத்தில் பேச்சு. வழக்கமான மொழிபெயர்ப்பாளர் வரும் பாதையில் காட்டிலிருந்தவர்கள் மரத்தை வெட்டிப் போட்டிருந்ததால், எஸ்டேட் பள்ளி ஆசிரியையான என்னை அழைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் மிதித்த முதல் ஆள் நான். துரைமார் பேச்சை அவர்கள் முன்னாலேயே தமிழாக்கப் போகிறேன் என்ற பெருமை அன்று காலை எனக்கு நிறையவே இருந்தது.

போலீஸ் தரப்பு நிபுணராக ஈப்போவிலிருந்து இஞ்சினியர் துரை வந்திருந்தார். மெலிந்த வெள்ளைக்காரர், யோசித்து யோசித்துப் பேசுபவர். இரும்பை முன்பே பாதிவரை அறுத்து, வெளியே தெரியாமலிருக்கச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்றார். அதைத் தமிழில் சொன்னேன்.

கூண்டிலிருந்த அண்ணன் துள்ளினார். "சாயமா? ஐயோ டீச்சரு, அது குங்குமம் லா! ஆயுத பூசைக்கு சந்தனத்தக் கொழச்சி நாந்தான் பொட்டு வெச்சேன். பொட்டு வெச்சதுக்கா தூக்குல போடுறாங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை அனுமதி கேட்டு, துண்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, அறுத்த தடமே இல்லை என்றார். நாள்பட்ட விரிசல்; பூசை நாளிலேயே இருந்திருக்கிறது; ஈரக் குங்குமம் உள்ளே இறங்கியிருக்கிறது; சிவப்பைக் கண்டு தான் தவறிவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். ஒரு துரை அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அதைத் தமிழில் சொன்னபோது என் குரல் தானாக உயர்ந்துவிட்டது.

வழக்கு தள்ளுபடியானது. வாசலிலேயே அண்ணனுக்கு மறுபடி விலங்கு மாட்டினார்கள். அவசரகாலச் சட்டத்தில் வழக்கில்லாமலும் காவலில் வைக்கலாமாம். பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றலாமாம். கைக்குழந்தையாக இங்கே வந்தவர் அவர். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது.

அவர் மனைவி இஞ்சினியர் துரையை மறித்து நின்றார். "குத்தமில்லன்னு இவருதானே சொன்னாரு? அப்புறம் ஏன் கொண்டுபோறாங்க? கேளு டீச்சரு."

கேட்டேன். இரும்பைப் பற்றி மட்டுமே தன்னைக் கேட்டார்கள் என்றார் துரை, தரையைப் பார்த்தபடி.

"அப்ப எம்புருஷனப் பத்தி யாரக் கேக்கணுமாம்?"

அதையும் சொன்னேன். துரை தொப்பியை மாட்டிக்கொண்டு விலகி நடந்தார். போலீஸ் லோரி கிளம்பிவிட்டது.

அண்ணன் எந்த ஊரில் இறங்கினார் என்றுகூட இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் மனைவி வழியில் என்னைக் கண்டால் இப்போதும் நின்று முகத்தைப் பார்க்கிறார், துரை சொன்ன பதிலை நான் இன்னும் தமிழில் சொல்லாமல் வைத்திருப்பதுபோல.