கிணற்றடிக்குப் போன சாச்சி

மலேரியா பரவிய ஆண்டில் எங்களைப் பெற்ற உம்மா காய்ச்சலில் மௌத்தானார். அடுத்த ஆண்டு வாப்பா கெலிஓயாவுக்குப் போய்ச் சித்தி றலியா என்ற பெண்ணை நிக்காஹ் செய்து, கண்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குக் கூட்டி வந்தார். அவரை நாங்கள் சின்னம்மா முறையில் சாச்சி என்று கூப்பிட்டோம். எனக்கு அப்போது பதினொரு வயது, தம்பி பஹ்மிக்கு எட்டு. சாச்சிக்கோ இருபத்திரண்டுதான். எங்கள் வீட்டில் வந்து மாட்டிக்கொள்ள அந்தப் பெண் அப்படி என்ன பாவம் செய்தாரோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பஹ்மி வருகிறான் என்றால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார்கள். அவனுக்குக் கைதான் முந்தும். புத்தி ஆறுதலாகப் பின்னால் வரும். கேட்டது உடனே கிடைக்காவிட்டால் கையில் இருப்பது பறக்கும். அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வாப்பா மஹ்மூத் பாலத்துக்குக் கிட்ட சில்லறைக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் இரவு பிரம்பால் விளாசுவார், விடிந்ததும் மனம் கேட்காமல் கடைப் போத்தலில் இருந்து கல்கண்டு அள்ளிக் கொடுப்பார். அடி எதற்கு, கல்கண்டு எதற்கு என்று தம்பிக்கு விளங்கவேயில்லை. எனக்கும் விளங்கவில்லை. கல்கண்டில் எனக்கும் பங்கு கிடைத்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

சாச்சி சில நாள் பார்த்தார். ஒரு பகல், வாப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "அடிக்கிறதா ஈந்தா கல்கண்டு குடுக்க வாணாம். கல்கண்டு குடுக்கிறதா ஈந்தா அடிக்க வாணாம். ரெண்டையும் செஞ்சா புள்ள எதத்தான் நம்புற?"

வாப்பா சிரித்து மழுப்பினார். சாச்சி சிரிக்கவில்லை.

அவருடைய வழி வேறாக இருந்தது. பஹ்மி ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் அடித்து உடைத்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவனுக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் தேத்தண்ணி என்று சாச்சி சொன்னார். அழுதான், உருண்டான், வாப்பாவைச் சிபாரிசுக்குப் பிடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்ததும் புதுக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார், புத்திமதி ஒரு வார்த்தை சொல்லாமல். அவர் சொன்னது நடக்கும், சொல்லாதது நடக்காது என்பது எங்களுக்கு மெல்ல மெல்லப் பழகிவிட்டது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் சாச்சியிடம் ஒரு விசித்திரம் இருந்தது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுழூ எடுப்பது எல்லோரும் செய்வதுதான். சாச்சி தொழுகை நேரம் இல்லாத நேரத்திலும் எடுத்தார். மீன் கழுவிக்கொண்டு இருப்பார். திடீரென்று எழும்பிக் கிணற்றடிக்குப் போவார். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வருவார். விட்ட இடத்திலிருந்து மீனைக் கழுவுவார்.

பக்கத்து வீட்டு ஹபீலா மாமி வேலிக்கு மேலால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தார். "ஓங்கட சாச்சிக்கு வஸ்வாஸ்" என்று தீர்ப்பும் சொன்னார். கழுவியது சுத்தமாகவில்லை என்று ஷைத்தான் மனதில் சந்தேகம் போட, மறுபடி மறுபடி கழுவிக்கொண்டே இருப்பார்களே, அதுதான் வஸ்வாஸ். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இதற்கிடையில் பஹ்மி பள்ளிக்கூடத்தில் ஒருவனின் நெற்றியைச் சிலேட்டால் பிளந்துவிட்டான். கண்டி டவுனில் இருந்த எங்கள் மாமா, உம்மாவின் தம்பி சாஹுல் ஹமீது வந்து எச்சரித்துவிட்டுப் போனார். இனி இந்த வீட்டில் இருந்து ஒரு கெட்ட கதை காதில் விழுந்தால் மருமகனைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கடையில் நிறுத்துவாராம், படிப்பும் வேண்டாமாம். மாமாவுக்குத் தோல் சாமான் கடை. அடிப்பதற்கு வார் தேட வேண்டிய கஷ்டம் அங்கே இல்லை. அன்று இரவு பஹ்மி என் பக்கத்தில் படுத்து, சத்தம் வராமல் அழுதான்.

அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு முறைப்பாடும் போகவில்லை. போனது சாச்சியைப் பற்றித்தான். ஹபீலா மாமியின் வாய்க்குப் பஸ் தேவையில்லை, அது தானாகவே கண்டிக்குப் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து கதிரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். படிக்கத்தில் துப்பிவிட்டு வாப்பாவிடம் சொன்னார்: "மச்சான், பைத்தியக்காரிட கையில ஏன்ட ராத்தாட புள்ளய வுட ஏலா. உடுப்பக் கட்டுங்க. இண்டைக்கே கூட்டிட்டுப் போறேன்."

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். சாச்சி திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். திரையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன.

பஹ்மி பாய்ந்து படிக்கத்தைத் தூக்கினான். பித்தளைப் படிக்கம், உள்ளே மாமாவின் வெற்றிலை எச்சில். அது மாமாவின் தலையில் கவிழப் போகிறது என்று நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. வாப்பா கையை ஓங்கிக்கொண்டு எழும்பினார். சாச்சி அசையவில்லை.

தம்பி வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தான். படிக்கத்தை வைத்த இடத்திலேயே வைத்தான், கொஞ்சம் சிந்தியது. வெளியே ஓடினான். கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது. சட்டையெல்லாம் நனைந்து திரும்பி வந்து, வாசலில் நின்று மாமாவைப் பார்த்தான்.

"மாமா, எனக்கு இன்னம் கோவம் போகல்ல. மறுகா ஒருக்கா வுழூ எடுத்திட்டு வந்து பேசுறேன்."

"இதென்ன கூத்து?" என்றார் மாமா.

"கோவம் வந்தா சாச்சி இதத்தான் செய்வா. நான் கேட்டேன், கோவம் நெருப்பாம், தண்ணி பட்டா அணையுமாம் எண்டு சொன்னா."

அவன் மறுபடியும் கிணற்றடிக்குப் போனான். மாமா திரைச்சீலையைப் பார்த்தார். அதன் பின்னாலிருந்து, மாமாவை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு, சாச்சியின் குரல் வந்தது. அந்நிய ஆண்களோடு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"நானா, எனக்கு வஸ்வாஸ் ஒண்டும் இல்ல. எனக்கு நெறயக் கோவம் வரும். ஏன்ட உம்மா எனக்கு அடிச்ச தழும்பு இன்னமும் முதுகுல ஈக்கி. ஏன்ட கையும் அப்பிடித்தான் நீளப் பாக்குது. இந்தப் புள்ளயள்ல பட்டுருமோ எண்டு பயத்துலதான் அந்த நேரமெல்லாம் கெணத்தடிக்குப் போறேன்."

வாப்பாவின் கை இன்னும் ஓங்கியபடியே இருந்தது. அதை அவர் அப்போதுதான் கவனித்தார். தொப்பியைச் சரிசெய்வதுபோல மெதுவாக இறக்கிக்கொண்டார்.

மாமா வெற்றிலையைப் படிக்கத்தில் துப்பினார். பிறகு, "புள்ள இங்கயே ஈக்கட்டும்" என்று எழும்பினார். போகும்போது தம்பியின் ஈரத் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார்.

அன்றோடு பஹ்மி வலியுல்லா என்னும் மகானாகிவிடவில்லை. பிறகும் சண்டை பிடித்தான், பிறகும் சிரட்டையில் குடித்தான். ஆனால் எங்கள் வீட்டிலேயே, அவன் கட்டிலிலேயே வளர்ந்தான். படித்தான். வாப்பாவும் பிரம்பை மறந்தார்.

எனக்குப் பிள்ளைகள் பிறந்து, நானும் கை ஓங்கிப் பார்த்த பிறகுதான் சாச்சி செய்தது என்னவென்று முழுதாக விளங்கியது. சாந்தமான பெண் ஒருத்தி எங்களை அடிக்காமல் வளர்த்திருந்தால், அல்லாஹ் அவருக்குக் கொடுத்த குணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சாச்சிக்கு அந்தக் குணம் கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வயதில், தான் பெறாத இரண்டு பிள்ளைகளுக்காக, கை துடிக்கும்போதெல்லாம் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழும்பிப் போனார். அவர் கை ஒரு நாளும் எங்கள் மேல் விழவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.